போத்தல் கழுவுகிற தண்ணீர்

துணுக்காய்க்கு அப்பால் காட்டோரம் ஊறுகிற வெள்ளூற்றில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை என்று ஒன்று கண்ணில் படாது. கறையான் புற்றுகள்தான் அந்தப் பக்கத்து உயரங்கள். ஆனால் சின்னராசா முதலாளி யாழ்ப்பாணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த லேபிலில் மூன்று மலைகள் இருந்தன. நடு மலையின் உச்சியில் பனிகூடப் படிந்திருந்தது. அதற்குக் கீழே, "கைலாச தீர்த்தம். இயற்கை ஊற்று நீர். மனிதக் கை படாதது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கை படாதது என்பதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எந்தக் கை படலாம், எந்தக் கை படக்கூடாது என்பதில் முதலாளி மிகுந்த கவனமாகவே இருந்தார்.

அன்னபாக்கியத்தின் கை படக்கூடாத கை. அவளுடைய ஆட்கள் அந்த ஊற்றில் ஒருநாளும் அள்ளிக் குடித்ததில்லை. ஊற்று நிறைந்து வழிகிற தண்ணீர் சிறு வாய்க்காலாய் அவர்களுடைய குடிசைகளுக்குப் பக்கத்தால் ஓடியது. அந்தச் சாதிக்கு அது போதும் என்று எவரோ எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தார்கள். அவர்களும் அதைக் குடித்துத்தான் இருந்தார்கள். பிறகு முதலாளியின் போத்தல் தண்ணீர்க் கொம்பனி வந்தது. ஊற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. வழிந்து ஓடுகிற ஒவ்வொரு சொட்டும் இனிமேல் சாமான் என்று கண்டுகொண்ட முதலாளி, வாய்க்காலின் வாயைச் சீமெந்து வைத்து அடைத்தார். மிஞ்சியது எருமைகள் புரளுகிற மோட்டை. மாரியில் அது ஒரு சின்னக் குளம் போல் தெரியும். கோடையில் பச்சைப் பாசியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

அந்தத் தண்ணீரைக் குடித்த முதற்கோடையிலேயே அன்னபாக்கியத்தின் மகள் இராசமலரின் தலைப்பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. இப்போது இரண்டாவது பிள்ளை தவழத் தொடங்கியிருந்தது. இராசமலருக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. இனிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். எப்படியாவது அந்த வாய்க்காலைத் திறப்பித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அன்னபாக்கியத்தின் மண்டைக்குள் அந்த நாட்களில் வேறு எதுவும் இல்லை.

அவள் வேலை செய்ததும் அதே கொம்பனியில்தான். போத்தல் கழுவுகிற வேலை.

கொம்பனியின் போத்தல்கள் புதியவை அல்ல. லொறிக்கார ஆதம்பாவா பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று தெருத்தெருவாய்ச் சேர்த்துக்கொண்டு வந்து இறக்குவார். யார் யாரோ வாய் வைத்த போத்தல்கள். ஊரார் எச்சிலை முதலாளியின் சாதியில் ஒரு பெண்ணும் தொடமாட்டாள். ஆகவே அன்னபாக்கியமும் பக்கத்துக் குடிசை நேசமலரும் இன்னும் சில பெண்களும் கழுவினார்கள். அவர்கள் கம்பி வேலிக்குள் வரக்கூடாது. ஆகவே மோட்டையில் கழுவினார்கள். கழுவிய போத்தல்கள் அவர்களுடைய கை பட்டவை. ஆகவே முதலாளியின் மைத்துனர் கனகசபை ஒரு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து அவற்றை உள்ளே எடுத்தார். நீறு பூசி, ஈர வேட்டியோடு, வாயில் வெற்றிலைக் குதப்பலோடு நின்று அவரே ஊற்று நீரை நிரப்பினார். இதில் எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முதலாளி மனதார ஆச்சரியப்பட்டிருப்பார். அவரளவில் எல்லாத் தீட்டும் கழிந்துதான் இருந்தது.

ஒருநாள் லொறியில் வந்த சாக்கைக் கொட்டியபோது நேசமலர் ஒரு போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"அக்கா, இதைப் பாருங்கோவன். கழுத்திலை சிவப்பு நூல் கட்டிக் கிடக்கு. சந்தித் தேத்தண்ணிக் கடையிலை எங்கடை ஆக்களுக்கு ஊத்திற போத்தலெல்லே?"

அந்தக் கடைகளில் மற்றவர்களுக்குப் பித்தளை மூக்குப்பேணி. அன்னபாக்கியத்தின் ஆட்களுக்குப் பின்பக்கத்துப் பலகையில் தனியாகப் போத்தல். மாறிவிடாமலிருக்க நூல் கட்டி வைத்திருப்பார்கள்.

"ஓமடி. உன்ரை மனிசன்ரை மீசை பட்ட போத்தல்" என்றாள் அன்னபாக்கியம்.

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆதம்பாவா காக்கா பதறிப்போனார்.

"அல்லாவே, மெல்லக் கதையுங்கோ புள்ளையள். கடைக்காரன் மலிவாத் தந்தான், ஏத்திக்கொண்டு வந்தன். குளத்துக் கதவு திறக்க மந்திரி வாறாராம். இதிலைதான் அவருக்குத் தண்ணி வைக்கப் போறாராம் முதலாளி."

"வைக்கட்டும் காக்கா. எங்கடை மனிசன்மாரின்ரை வாய்வாசம் மந்திரிக்கும் கொஞ்சம் பழகட்டும்."

மந்திரியின் மேசையில் கைலாச தீர்த்தம் ஏறிவிட்டால் தன் பெயருக்குப் பின்னால் சமாதான நீதவான் பட்டத்தின் ஜே.பி. என்ற எழுத்துகளும் ஏறிவிடும் என்பது முதலாளியின் கணிப்பு. வாசலில் பலகை ஏற்கனவே எழுதி முடிந்திருந்தது, ஜே.பி.யின் மேல் மட்டும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி மறைத்திருந்தார். ஆனால் மந்திரி குடிக்கிற தண்ணீருக்குச் சுகாதாரப் பகுதியின் அனுமதி வேண்டும் என்று அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அனுமதி கொடுக்கிற பரிசோதகர் யோகநாதன் மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் முதலாளி அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டு, வேலிக்கு வெளியே இரண்டு பாகத் தூரம் தள்ளி நிற்க வைத்துச் சொன்னார்:

"எடி அன்னி, நாளைக்கு இன்ஸ்பெற்றர் ஐயா வாறார். நீயும் உன்ரை ஆக்களும் கண்ணிலை காட்டக் கூடாது. காட்டுக்குள்ளை விறகு பொறுக்கப் போங்கோ."

"ஓம் நயினார்" என்றாள் அன்னபாக்கியம். அவள் 'ஓம்' என்று சொன்னால் அதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிற ஆள் முதலாளி ஒருவர்தான்.

யோகநாதன் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, ஆளுக்கு முன்னே வந்து சேர்கிற டெற்றோல் மணம். அவருடைய கையில் விதிப்புத்தகம் இருந்தது. தோலுறை போட்டு, சுவாமிப் படத்தைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். வன்னிக்கு மாற்றம் கிடைத்த நாளிலிருந்து அந்தப் புத்தகத்துக்கு ஏற்ற வேலை வரவில்லையே என்று ஏங்கிக் கொண்டிருந்த மனிதர். கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தே அவருடைய இளமை போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் ஒரு தொழிற்சாலை அகப்பட்டிருக்கிறது.

ஊற்றைச் சுற்றி வந்தார். வேலி பலமாக இருப்பதைப் பாராட்டினார். கனகசபையின் கை நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பச் சொன்னார். கனகசபை ஊற்றின் பக்கமாகத் துப்பப் போனார். கடைசி நேரத்தில் முதலாளி மைத்துனரின் கழுத்தைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்.

"போத்தலிலை ஏன் மஞ்சள் மஞ்சளாய்க் கிடக்கு?"

"கிருமிக்கு ஐயா. மஞ்சள் எண்டால் கிருமி ஓடும்."

"கழுவுறது ஆர்? எந்தத் தண்ணியிலை?"

"அது அங்காலை ஐயா. முதலிலை ஒரு இளநி குடியுங்கோ. வெயில்…"

விறகுக்குப் போயிருக்க வேண்டிய அன்னபாக்கியம் அந்த நேரம் பார்த்துத்தான் தலையில் போத்தல் கடகத்தோடு வேலியோரமாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் நேசமலர். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மோட்டைச் சேறு முழங்கால் வரை இருந்தது. கடகத்திலிருந்து பச்சையாய் வழிந்த தண்ணீர் முகத்தில் ஓடியது. ஊர்வலம் போல் வந்து இறக்கினார்கள்.

முதலாளியின் முகம் அவித்த பனங்கிழங்காய்ப் போனது. யோகநாதன் வேலிக்கு மேலால் எட்டி, சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியால் ஒரு போத்தலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். வெயிலில் பிடித்தார். உள்ளே ஏதோ நீந்தியது.

"இது என்ன?"

"சின்ன மீன் போலை கிடக்கு ஐயா" என்றார் முதலாளி.

"வாற்பேத்தை" என்றாள் அன்னபாக்கியம். "மஞ்சள் தெளிச்சாலும் மாரிக்குத் தவளையாகும் ஐயா."

யோகநாதனின் முகம் மலர்ந்தது. ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்த மலர்ச்சி அது. புத்தகத்தைப் பிரித்து, பேப்பர் வாசிக்கிற குரலில் வாசித்தார். நிரப்புகிற நீர் எவ்வளவு தூய்மையோ, போத்தல் கழுவுகிற நீரும் அவ்வளவு தூய்மையாக இருத்தல் வேண்டும். அவ்வாறில்லாத இடத்துக்கு அனுமதி இல்லை.

"ஊற்றுத் தண்ணியாலைதான் கழுவவேணும், முதலாளி. இல்லாட்டிக் கையெழுத்து இல்லை."

"இவளவையை ஊற்றிலை விடுறதோ?" முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஐயாவும் எங்கடை ஆள். விளங்காமல் கதைக்கிறியளே."

ஐயாவும் அவர்களுடைய ஆள்தான். அவருக்கு விளங்கித்தான் இருந்தது. அதனால் புத்தகத்தை மூடிக்கொண்டு, "அப்ப கழுவுற ஆக்களை மாத்துங்கோ" என்றார்.

முதலாளி வீட்டுக்குப் போய் மனைவி சிவனேஸ்வரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவா போட்ட சத்தம் கொம்பனி வரை கேட்டது.

"ஊரான் உறிஞ்சின போத்தலை நான் கழுவுறதோ? உங்களுக்கென்ன விசரே? மந்திரி குடிச்சால் என்ன, குடியாட்டில் என்ன, இந்தக் கையாலை நான் சாமிக்கு விளக்கு வைக்கிறேல்லையோ?"

முதலாளி திரும்பி வந்தபோது அன்னபாக்கியம் அதே இடத்தில் நின்றாள். இந்தக் கணத்துக்காகத்தான் அவள் முழங்கால் சேற்றோடு வந்தது.

"நயினார், நாங்கள் கம்பிக்குள்ளை வரத் தேவையில்லை. அடைச்ச வாய்க்காலைத் திறந்துவிடுங்கோ. தண்ணி தானே எங்களிட்டை வரும். கழுவுறம். குடிக்கிறதுக்கும் ஒரு பானை எடுத்தால் ஆருக்கு நட்டம்? பிள்ளை குட்டி மோட்டைத் தண்ணி குடிச்சுச் சாகுது."

"நல்ல யோசனை" என்றார் யோகநாதன். அவருக்குப் பிடித்தது முதற்பாதி. "ஆனால் வாய்க்கால் சரிவராது. புத்தகத்தின்படி பைப் போடவேணும்."

பைப் வந்தது. வேலிக்கு உள்ளேயிருந்து வெளியே மண்ணுக்கடியால் வந்து, ஒரு சீமெந்துத் தொட்டிக்கு மேலே வாயைத் திறந்து நின்றது. மேசன் வேலை செய்த நாள் முழுவதும் பெண்கள் ஏதோ சாமி தூக்கப் போகிறவர்கள் போல் சுற்றி நின்றார்கள். பின்னேரம் மேசன் சோதனைக்குத் திறந்துவிட்டான். தண்ணீர் விக்கி விக்கி வந்து, பிறகு கண்ணாடி மாதிரி விழுந்தது.

அன்னபாக்கியம் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். அடைத்த நாளுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் அவளுடைய தொண்டையில் இறங்குவது அதுதான் முதல் தரம். இராசமலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை விழுகிற தண்ணீரைக் கையால் அடித்தது, மூக்கில் ஏறி இருமியது, திரும்பவும் அடித்தது. நேசமலர் ஒரு பானை நிரப்பி இடுப்பில் வைத்து, முதலாளி வீட்டு நாச்சியார்மார் கோயிற்கிணற்றிலிருந்து போகிற மாதிரி இடுப்பை ஒடித்து நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பானைகள் போயின.

வேலிக்கு உள்ளே நின்று முதலாளி அந்தப் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் வேலைக்கு வந்தபோது தொட்டியடியில் முதலாளி, கனகசபை, யோகநாதன் மூவரும் நின்றார்கள். மேசன் மறுபடி வந்திருந்தான். பைப்பின் வாயைத் தொட்டிக்குள் வளைத்து, பானை பிடிக்க முடியாதபடி தண்ணீருக்கு அடியிலே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தான். தண்ணீரைத் திறந்து மூடுகிற பூட்டு வேலிக்கு உள்ளே போய்விட்டது. கனகசபையின் கையில் ஒரு தகரம்.

"குளோரின் தூள்" என்று யோகநாதன் பெண்களுக்கு விளங்கப்படுத்தினார். "கழுவுற தண்ணியிலை இது கட்டாயம் போடவேணும். விதி. சவக்காரச் சோடாவும் போடவேணும். இந்தத் தொட்டிக்கு ஒரு கரண்டி காணும்."

முதலாளி தகரத்தை வாங்கி ஒரு சிரட்டை நிறைய அள்ளிக் கொட்டினார். இன்னொரு சிரட்டை. சோடாவையும் அதே தாராளத்தோடு கொட்டினார். தூள் புகையாய் எழும்பியது. மேசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு விலகினான்.

"கூடப் போட்டால் பிழையோ ஐயா? எனக்குச் சுத்தம் முக்கியம்."

யோகநாதன் புத்தகத்தைப் புரட்டினார். நேர்மையான மனிதர்; இல்லாததை இருக்கிறது என்று சொல்லமாட்டார்.

"குறைஞ்சது இவ்வளவு எண்டுதான் போட்டுக் கிடக்கு. கூடினதைப் பற்றி ஒண்டும் இல்லை."

"அப்ப சரி."

அன்னபாக்கியம் தொட்டிக்குக் கிட்டப் போனாள். கண் எரிந்தது. தண்ணீர் நேற்றைய தண்ணீர்தான். அடி வரைக்கும் தெரிகிற தண்ணீர்.

"ஐயா, குடிக்கிறதுக்கு?"

"இது குடிக்கிற தண்ணி இல்லை, கழுவுற தண்ணி."

"நேற்று இதைத்தானே குடிச்சனாங்கள்?"

"நேற்று இந்த இடத்துக்கு அனுமதி இல்லை. இண்டைக்கு எல்லாம் ஒழுங்கு." அவர் பேனையைத் திறந்தார்.

"ஐயா, நாங்கள் குடிக்கிற தண்ணியைப் பற்றி உங்கடை புத்தகத்திலை ஒண்டுமே இல்லையோ?"

"இது போத்தல் தண்ணிக்குரிய விதி, அம்மா. நீங்கள் குடிக்கிறது கிராமச் சங்கத்தின்ரை பொறுப்பு. சங்கத் தலைவருக்குச் சொல்லுங்கோ."

கிராமச் சங்கத் தலைவர் பக்கத்திலேயே, கையில் சிரட்டையோடு நின்றார்.

"சொல்லன், அன்னி" என்றார் சின்னராசா முதலாளி, மிகவும் பெருந்தன்மையாக. "கூட்டத்திலை வைப்பம். மந்திரியின்ரை அலுவல் முடியட்டும்."

யோகநாதன் கையெழுத்துப் போட்டார். நல்ல கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம் வரை போனது.

மந்திரி வந்தார். பந்தல், மேளம், மகரதோரணம் எல்லாம் நடந்தன. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூன்று மலையும் சனங்களைப் பார்க்கிறபடி போத்தல்களை அடுக்கியிருந்தார்கள். மந்திரி ஒரு போத்தலைக் கையில் பிடித்துப் படத்துக்கு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் போத்தலை வைத்துவிட்டு, செவ்விளநீர் இருக்குமா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியவர்கள் தங்கள் போத்தலைத் தொடவே இல்லை. சுகாதாரம் பற்றிய சந்தேகம் ஒன்றும் அவர்களுக்கு இல்லை. போத்தலில் குடிப்பது யார் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்; நாலு பேர் பார்க்கப் போத்தலைத் தூக்கி அண்ணாந்து குடிக்க எந்தப் பெரியவருக்கும் கை வரவில்லை. கைலாச தீர்த்தம் வந்தபடியே பெட்டியில் ஏறித் திரும்பியது. வாசற்பலகையில் ஒட்டிய கடதாசி இன்னும் கிழியவில்லை.

பெண்கள் தினமும் வந்து தொட்டியில் கழுவினார்கள். விரல் நுனிகள் வெடித்தன. நகக்கண் வெள்ளையாகிவிட்டது. நாள் முழுவதும் ஊற்றுத் தண்ணீரில் முழங்கை வரை நனைந்துவிட்டு, பொழுதுபடப் போகும்போது மோட்டையில் பானையை நிரப்பிக்கொண்டு போனார்கள். பைப் போட்ட அன்று நிரப்பிய பானையை இராசமலர் பிள்ளைக்கு மட்டும் என்று மூடி வைத்து, சங்கு சங்காய்ப் பருக்கினாள். அதுவும் முடிந்தது.

பிள்ளைக்கு வயிறு போகத் தொடங்கியது. பக்கத்துக் குடிசைகளிலும் அப்படித்தான்.

நோய் பரவுகிறது என்று கேள்விப்பட்டு யோகநாதன் வந்தார். வராமல் விடுகிற மனிதரல்ல. மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, குடிசைகளுக்கு நடுவில் நின்று, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு வடித்துத்தான் குடிக்க வேண்டும் என்று பேசினார். மரத்தில் ஒரு நோட்டீசும் ஒட்டினார். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

"கொதிக்க வைச்சனாங்கள் ஐயா" என்றாள் அன்னபாக்கியம். "சேறு கொதிச்சாலும் சேறுதான்."

இராசமலரின் மடியில் பிள்ளை கண் உள்ளே போய், உதடு காய்ந்து கிடந்தது. யோகநாதன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய், சைக்கிள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்து நிலத்தில் வைத்தார். மந்திரியின் மேசையில் மிஞ்சியதை முதலாளி அவருக்குப் பெட்டியோடு அன்பளிப்பாய்க் கொடுத்திருந்தார்.

"பிள்ளைக்குக் குடுங்கோ. சுத்தமான தண்ணி. நானே பார்த்துக் கையெழுத்து வைச்சது."

அன்னபாக்கியம் எடுத்தாள். மூடியைக் கழற்றி, சங்கில் வார்த்து, பிள்ளையின் வாயில் விட்டாள். முதல் சங்கு வழிந்துவிட்டது. இரண்டாவதைப் பிள்ளை விழுங்கியது. பிறகு சங்கின் விளிம்பை உதட்டால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

யோகநாதன் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அன்னபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள்.

"போத்தல் கொம்பனியின்ரை. திருப்பிக் குடுக்கவேணும்" என்றார். "மிச்சத்தை ஒரு சட்டியிலை ஊத்திப்போட்டுத் தாருங்கோவன்."

அவள் சட்டியில் ஊற்றினாள். வெறும் போத்தலை நீட்டினாள். அவருடைய கை வரவில்லை.

"அதிலை, நிலத்திலை வையுங்கோ."

வைத்தாள். அவர் கைலேஞ்சியை விரித்து, கழுத்தில் சுற்றி, போத்தலைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தத்துக்குப் பிள்ளை ஒருதரம் கண் விழித்தது.

பொழுது சாயும்போது சட்டி காலியாகிவிட்டது. பிள்ளை சங்கைத் தேடி முனகியது. இராசமலர் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, போகாமல் தாயின் முகத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றாள்.

"என்னம்மா செய்யிறது? மோட்டைக்குப் போட்டு வரட்டே?"

அன்னபாக்கியம் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றி, வெடித்த விரலால் அதன் உதட்டைத் துடைத்தாள்.

"கரையிலை அள்ளாதை" என்றாள். "எருமை கலக்கியிருக்கும். நடுவுக்குப் போய் அள்ளு."